உங்களுக்குத் தெரியுமா? நெஞ்செரிச்சலும் நம் சாப்பாட்டுத் தட்டும்

ராத்திரி 10.30 மணிக்குச் சாப்பாடு, 11 மணிக்குப் படுக்கை, 1 மணிக்கு நெஞ்சு கரித்து எழுந்து உட்காருவது. பல வீடுகளில் இது வாடிக்கையாகிவிட்டது. விடிந்ததும் பழி விழுவது முதல் நாள் மதியம் வைத்த புளிக்குழம்பின் மேல். குழம்புக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் எவ்வளவு சாப்பிட்டோம், எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், சாப்பிட்ட கையோடு என்ன செய்தோம் என்ற மூன்றும்தான் பெரும்பாலும் நெஞ்செரிச்சலை வரவழைக்கின்றன. மாத்திரைப் பட்டையைத் தேடுமுன் இவற்றைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

● நம் இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 1824-ல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் பிரௌட் இதை உலகுக்கு அறிவித்தார். வெறும் வயிற்றில் இதன் பி.ஹெச். அளவு 1.5 முதல் 3.5 வரை இருக்கும். ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு, சில நேரம் அதைவிடக் கூடுதல். உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும், புரதத்தைச் செரிக்க வைப்பதும் இந்த அமிலம்தான். இரைப்பையின் உட்சுவரைத் தடித்த சளிப்படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கு அப்படி ஒரு படலம் கிடையாது. அதனால்தான் அமிலம் மேலே ஏறியதும் நெஞ்சுக்குழியில் தீப்பிடித்ததுபோல் எரிகிறது.

● உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் 3 முதல் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்வது அதன் வேலை. ஆனால் விழுங்காத நேரத்திலும் அது தானாகச் சில விநாடிகள் திறக்கும். வயிற்றுக்குள் சேர்ந்த காற்றை ஏப்பமாக வெளியேற்ற உடம்பு செய்துவைத்த ஏற்பாடு அது. அந்தச் சில விநாடிகளில் காற்றோடு அமிலமும் ஏறிவிட்டால் எதுக்களிப்பு. வயிறு எவ்வளவுக்கு எவ்வளவு உப்புகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு இந்தத் தசை அடிக்கடி திறக்கும். மூச்சுமுட்டச் சாப்பிட்ட அன்றைக்குத் தயிர்சாதம்கூடக் கரிப்பதற்குக் காரணம் இதுதான்.

● சாப்பாட்டின் அளவு குறித்த எச்சரிக்கை ஏறத்தாழ 200 வருடப் பழசு. 1822 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் மேக்கினா தீவில், கம்பளித்தோல் வியாபாரக் கடை ஒன்றில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுத் தொழிலாளியின் வயிற்றைத் துளைத்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், பட்டு நூலில் இறைச்சித் துண்டு, ரொட்டி, முட்டைக்கோஸ் என்று ஒவ்வொன்றாகக் கட்டி அந்த ஓட்டை வழியே உள்ளே இறக்கினார். சில மணி நேரம் கழித்து நூலை வெளியே இழுத்து, எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். 1833-ல் அவர் வெளியிட்ட நூலில் உள்ள முடிவுகளில் இரண்டு நமக்கு முக்கியமானவை: எண்ணெய்ப் பசையுள்ள உணவு செரிக்கச் சிரமப்படுகிறது, உடம்புக்குத் தேவையானதைவிட அதிகமாகவே மனிதர்கள் பொதுவாகச் சாப்பிடுகிறார்கள். அந்த ஏழைத் தொழிலாளி பல ஆண்டுகள் தன் உடம்பை ஆய்வுக்கூடமாக்கிக் கொடுத்ததால் கிடைத்த அறிவு இது. அவரை நன்றியோடுதான் நினைக்க வேண்டும்.

● படுக்கப் போவதற்கு 3 மணி நேரம் முன்னதாக இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். ஜப்பானில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, சாப்பிட்டு 3 மணி நேரத்துக்குள் படுப்பவர்களையும் 4 மணி நேரத்துக்குப் பின் படுப்பவர்களையும் ஒப்பிட்டது. முதல் பிரிவினருக்கு அமில எதுக்களிப்பு நோய் இருப்பதற்கான வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல். செலவில்லாத வைத்தியங்களில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன். கடையை மூடிவிட்டுப் பத்து மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு இது கஷ்டம்தான். அவர் மாலை 6.30-க்குக் கடையிலேயே இட்லியோ சப்பாத்தியோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் ஒரு தம்ளர் மோரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

● தூங்கும்போது எச்சில் ஊறுவது பெருமளவு நின்றுவிடும், விழுங்குவதும் குறைந்துவிடும். எச்சிலில் உள்ள பைகார்பனேட்தான் உணவுக்குழாயில் ஒட்டியிருக்கும் அமிலத்தைத் தணிக்கிறது. பகலில் சில நிமிடங்களில் அடங்கிவிடும் கரிப்பு, இரவில் நீடித்து நின்று புண்ணாக்குவது இதனால்தான்.

● இடப்பக்கமாகப் படுங்கள். இரைப்பையின் பெரும்பகுதி உடம்பின் இடப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்தால் அமிலம் கீழே தங்கி, சுருக்குத் தசை அதற்கு மேலே நிற்கும். வலப்பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழ். ஏறிய அமிலம் இடப்பக்கம் படுத்தால் சீக்கிரம் வடிந்துவிடுவதை நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2022-ல் அளந்து காட்டினார்கள்.

● இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கிப் படுப்பதில் பயனில்லை. கழுத்து மடங்கும், வயிறும் மடிந்து அழுத்தம் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவதுதான் சரி. பாயில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக ஏறும்படி கெட்டியான திண்டு ஒன்றை விரிப்புக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம்.

● கொழுப்பு இரைப்பையைச் சீக்கிரம் காலியாக விடாது. சுருக்குத் தசையையும் தளர்த்தும். ராத்திரி பரோட்டாக் கடையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மாவு உருண்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். வீசும்போது ஒரு கை எண்ணெய், சுருட்டும்போது கொஞ்சம், கல்லில் போட்டதும் சுற்றி ஒரு கரண்டி. தட்டுக்கு வந்ததும் அதன்மேல் சால்னா. சால்னாவின் மேல் விரல் கனத்துக்குச் சிவப்பாக மிதக்கும் எண்ணெய். மூன்று பரோட்டா, ஒரு ஆம்லெட், நேரே வீடு, படுக்கை. இத்தனையும் செய்துவிட்டு ‘மிளகாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்வது சரியில்லை. பரோட்டா பிடிக்கும் என்றால் மதியம் சாப்பிடுங்கள், ஒன்று குறைத்துச் சாப்பிடுங்கள், பிறகு படுக்காமல் நடமாடுங்கள்.

● இரவுக்கு எது நல்லது? இட்லி, இடியாப்பம், ரவைக் கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய்க் கூட்டு. எல்லாமே எண்ணெய் குறைந்தவை. இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நிறைய நல்லெண்ணெயும் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும்.

● மிளகாயின் எரிச்சலும் அமிலத்தின் எரிச்சலும் நரம்பில் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 1997-ல் கண்டுபிடித்த டிஆர்பிவி1 என்ற உணர்வேற்பிதான் அது. 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு, மிளகாயின் காப்சைசின், அமிலம் ஆகிய மூன்றுக்குமே அது விழித்துக்கொள்ளும். இந்தக் கண்டுபிடிப்புக்காக 2021-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஏற்கெனவே அமிலம் பட்டுச் சிவந்திருக்கும் உணவுக்குழாய்க்கு, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காரமான ரசம் மூன்று வழியிலும் சோதனை. ஆறவிட்டு, காரம் குறைத்துக் குடித்தால் பலருக்குப் பிரச்சினை இருப்பதில்லை.

● புளி, தக்காளி, எலுமிச்சை ஆகியவை சுருக்குத் தசையைத் தளர்த்துவதாகச் சொல்ல முடியாது. புண்பட்ட இடத்தில் நேரடியாகப் பட்டு எரியவைப்பதுதான் இவற்றின் வேலை. எனவே எரிச்சல் மூண்டிருக்கும் சில வாரங்களுக்குக் குறைத்துக்கொண்டால் போதும். ஆயுள் முழுக்க சாம்பாரைத் துறக்க வேண்டியதில்லை.

● பச்சை வெங்காயம் கரிப்பைக் கூட்டும் என்பது 1990-லேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஒரே உணவை வெங்காயத்தோடும் வெங்காயம் இல்லாமலும் கொடுத்தார்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வெங்காயம் சேர்ந்த நாளில் எரிச்சலும் ஏப்பமும் கூடின. வழக்கமாக எந்தத் தொல்லையும் இல்லாதவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. பழைய சோறு சாப்பிட்டால் கரிக்கிறது என்பவர்கள், கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கட்டும். சோற்றின் மேல் குற்றம் இல்லை என்று தெரியவரலாம்.

● பால் குடித்தால் கரிப்பு அடங்கும், உண்மைதான். ஆனால் சிறிது நேரத்துக்கு மட்டுமே. பாலின் புரதமும் கால்சியமும் இரைப்பையை மறுபடி அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன. சிகாகோ மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி 1915-ல் வயிற்றுப்புண்ணுக்கு மணிக்கு ஒருமுறை பாலும் பாலாடையும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல பத்தாண்டுகள் உலகமே அதைப் பின்பற்றியது. பிறகு அது கைவிடப்பட்டது. படுக்கும் முன் ஒரு டம்ளர் ஆடைப்பால் குடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நெஞ்செரிச்சல் இருந்தால், முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். நீர்த்த மோர் இதமாக இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். கொழுப்பு குறைவு என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. புளித்த மோர் வேண்டாம்.

● காபி விஷயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. சிலருக்கு ஒரு வாய் காபியே கரிக்கும். சிலருக்கு ஒன்றும் செய்யாது. காபி அமிலச் சுரப்பைத் தூண்டுவது உண்மை. கஃபீன் நீக்கிய காபிகூட அதைச் செய்கிறது. உங்களுக்குக் காபி ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அடியோடு விடுவதற்கு முன் இரண்டைச் செய்து பாருங்கள். வெறும் வயிற்றில் குடிக்காமல் இட்லியோடு குடியுங்கள். சர்க்கரையைப் பாதியாக்குங்கள். அமெரிக்காவில் 2022-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை போன்ற எளிய மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு உணவுக்குழாயில் அமிலம் தங்கும் நேரம் குறைந்தது.

● விருந்து முடிந்ததும் ‘செரிக்கட்டும்’ என்று கோலி சோடா, கலர் குடிப்பது நம் ஊர் வழக்கம். சோடாவின் வாயு ஏற்கெனவே நிரம்பிய வயிற்றை மேலும் உப்பவைத்து, சுருக்குத் தசையைத் திறக்கவைக்கிறது. வரும் ஏப்பம் சுகமாகத்தான் இருக்கும். கூடவே அமிலமும் வரும்.

● ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கும் மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே 2,000 மில்லிகிராம்தான். நுரைத்துப் பொங்கும் உப்புப் பொடிகளும் இந்தக் குடும்பம்தான். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் தினசரி பழக்கமாக இவற்றைத் தொடவே கூடாது.

● புதினா குடலின் தசைகளைத் தளர்த்துவது. வயிற்று வலிக்கு அது நல்லது, நெஞ்செரிச்சலுக்கு ஆகாது. பிரியாணிக்குப் பிறகு புதினா மிட்டாயைச் சப்புவது உங்களுக்குக் கரிப்பைத் தருகிறதா என்று கவனியுங்கள். அதற்குப் பதில் கொஞ்சம் சோம்பு மெல்லலாம்; மெல்ல மெல்ல எச்சில் ஊறும்.

● சாப்பிட்டு முடித்ததும் இரைப்பையில் உணவோடு கலக்காத புத்தம்புது அமிலம் ஓர் அடுக்காக மேலே தங்கும். ரசத்தில் வண்டல் அடியில் நிற்க, மேலே தெளிவு நிற்குமே, அதுபோல. இந்த ‘அமிலப் பை’யை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2001-ல் அளந்து சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பின் வரும் கரிப்பு பெரும்பாலும் இங்கிருந்து கிளம்புவதே. இதன்மேல் மிதந்து மூடிபோல் தடுக்கும் மருந்துக்குப் பெயர் ஆல்ஜினேட். அது கடற்பாசியில் இருந்து எடுக்கப்படுவது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கடற்கரைக் கிராமப் பெண்கள் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி, முங்கிப் பறித்து வரும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் ஆல்ஜினேட் தயாரிக்க ஆலைகளுக்குப் போகும் பாசிகள். விரலைப் பாறை கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிற அந்தப் பெண்களின் உழைப்பு, மருந்துக்கடைப் பாட்டிலில் எழுதப்படுவதில்லை.

● வயிற்றில் எரிந்தாலே ‘அல்சர்’ என்று சொல்லிவிடுகிறோம். நெஞ்செரிச்சல் வேறு, வயிற்றுப்புண் வேறு. வயிற்றுப்புண் பலவற்றுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. இதை நிரூபிக்க ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, சில நாட்களில் வயிற்றழற்சி வந்து படுத்தார். அவருக்கும் சக ஆய்வாளர் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியால் வந்த புண்ணுக்கு மருந்து வேண்டும். பத்தியம் மட்டும் போதாது.

● அந்தக் கிருமி தெரியவருவதற்கு முன்பே, 1960-களில் ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா ஒரு வேலை செய்தார். நாடு முழுக்க ரயில்வே ஊழியர்களின் நோய்ப் பதிவுகளை ஒப்பிட்டு, சோறு சாப்பிடும் தெற்கில் குடற்புண் அதிகம், கோதுமை ரொட்டி சாப்பிடும் வடக்கில் குறைவு என்று காட்டினார். ரொட்டியை மென்றுதான் ஆக வேண்டும். மெல்லும்போது எச்சில் ஊறும். குழம்பு ஊற்றிய சோறு மெல்லாமலே இறங்கிவிடும் என்பது அவர் சொன்ன விளக்கம். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவியும் இதே கேள்வியைப் பல ஆண்டுகள் துரத்தினார். தவிடு நீக்காத தானியங்களையும் பருப்பு வகைகளையும் ஆராய்ந்தார். விலங்குச் சோதனைகளில் புண் வராமல் காத்த பொருள்களில் ஒன்று நம் கொள்ளு. இது குடற்புண் பற்றிய ஆராய்ச்சி. நெஞ்செரிச்சலுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் சோற்றையும் மென்று விழுங்கு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இரண்டுக்குமே நல்லது.

● சாப்பிட்டபின் அரை மணி நேரம் சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் மென்றால் எச்சில் பெருகி உணவுக்குழாயின் அமிலம் தணிகிறது. புதினா சுவை வேண்டாம்.

● வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழப்பாகுமே, அந்தக் கோந்து உணவுக்குழாயில் படலமாகப் படியக்கூடியது. அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அடிக்கடி நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வெந்தய நார்ச்சத்தைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன் இரண்டு வாரம் கொடுத்தார்கள், எரிச்சல் குறைந்தது. 2018-ல் ரஷ்ய ஆய்வாளர்கள், நார்ச்சத்து குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கு இசப்கோல் கொடுத்து இதேபோல் பலன் கண்டார்கள். இரண்டுமே சிறிய ஆய்வுகள். கீரை, அவரை, வாழைத்தண்டு, கேழ்வரகு என்று நார்ச்சத்தைக் கூட்டுவதில் நஷ்டம் ஏதுமில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வெந்தயத்தை அதிகப்படுத்தும்போது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தச் சர்க்கரையை அது குறைக்கும்.

● மணத்தக்காளிக் கீரையை வயிற்றுக்கு நல்லது என்று தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிறோம். அதைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் மிதக்கவிட்டால் கொழுப்பு ஏறிவிடும். பாசிப்பருப்போடு தண்ணீராகக் கூட்டு வையுங்கள். இரண்டாம் பால் கொஞ்சம் போதும்.

● ஆப்பிள் சிடர் வினிகர் நெஞ்செரிச்சலைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். புண்பட்ட உணவுக்குழாயில் இன்னோர் அமிலத்தை ஊற்றுவதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.

● இடுப்பில் இறுக்கம் கூடினால் எதுக்களிப்பு கூடும். கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இடுப்பில் பட்டை கட்டியே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் பெண்களுக்கு உள்பாவாடை நாடா பகல் முழுக்க அதே வேலையைச் செய்கிறது. முடிச்சு பதிந்த தடம் இரவில் இடுப்பில் கறுத்துத் தெரிகிறது என்றால், அது வயிற்றையும் நெரித்திருக்கிறது. சாப்பிட உட்காருமுன் நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள். ஆண்கள் பெல்ட்டில் ஒரு துளை விடுங்கள். சாப்பிட்ட உடனே குனிந்து வீடு கூட்டுவது, துணி துவைப்பது போன்றவற்றைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு, உடனே பாத்திரங்களோடு மல்லுக்கட்டி, அப்படியே படுக்கையில் விழுகிறவர் பெரும்பாலும் அம்மாதான். அவருடைய கரிப்புக்கு முதல் மருந்து, எல்லோரோடும் 7.30-க்கு அவரும் தட்டெடுத்து உட்காருவது.

● எடை குறைந்தால் எரிச்சல் குறையும். ஆனால் குண்டானவர்களுக்கு மட்டும் வருவது இது என்று நினைக்காதீர்கள். அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்தி 2006-ல் வெளியான பெரிய ஆய்வில், சரியான எடை வரம்புக்குள் இருந்தவர்களுக்குக்கூட எடை கூடியபோது நெஞ்செரிச்சலும் கூடியது. தொப்பை வயிற்றை மேல்நோக்கி அழுத்துகிறது.

● செவிலியர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2021-ல் வந்தது. சரியான எடை, புகைக்காமை, தினம் 30 நிமிட உடலுழைப்பு, காபி, டீ, குளிர்பானம் சேர்த்து நாளுக்கு 2 கோப்பைக்கு மேல் போகாமை, காய்கறியும் முழுதானியமும் மிகுந்த உணவு என்ற ஐந்தையும் கடைப்பிடித்தால், அடிக்கடி வரும் நெஞ்செரிச்சலில் 37 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்பது அதன் கணக்கு.

● சுருக்குத் தசையைச் சுற்றி உதரவிதானத்தின் நார்கள் அணைத்துப் பிடித்திருக்கின்றன. வயிறு எழுந்து தாழ ஆழ்ந்து மூச்சுவிடும் பயிற்சி அந்தப் பிடியை வலுப்படுத்துகிறது. ஆஸ்திரியாவில் 2012-ல் வெளியான ஆய்வில், பயிற்சியை 9 மாதம் தொடர்ந்தவர்களுக்கு மாத்திரைத் தேவை குறைந்தது. சாப்பிடுவதற்கு முன் செய்யுங்கள்.

● ‘நெஞ்சு கரித்தால் பிள்ளைக்கு முடி அதிகம்’ என்று கர்ப்பிணிகளிடம் பாட்டிமார் சொல்வார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதைப் பொய்யென்று காட்டவே கிளம்பினார்கள். 64 பெண்களைப் பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள்: கடுமையாகவோ நடுத்தரமாகவோ கரிப்பு இருந்த 28 பேரில் 23 பேருக்குச் சராசரியான அல்லது அதைவிட அடர்ந்த முடியுள்ள குழந்தை! சுருக்குத் தசையைத் தளர்த்தும் அதே கர்ப்பகால ஹார்மோன்கள் முடி வளர்ச்சியிலும் பங்கெடுக்கலாம் என்பது அவர்கள் ஊகம். கர்ப்பிணிகள் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடட்டும். மருந்து மருத்துவரைக் கேட்டே.

● அடிக்கடி எதுக்களிப்பவர்களின் பல் எனாமல் கரையும். புளிப்பு வாய்க்கு வந்ததும் உடனே பல் தேய்க்காதீர்கள். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் தேயுங்கள்.

● வலி மாத்திரையையும் சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் ஒரு மடக்கு நீரில் விழுங்கிப் படுத்தால் அவை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஒரு தம்ளர் நீர், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காருதல் அவசியம்.

● பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாத்திரைகள் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் போட்டால்தான் முழுப்பலன். சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டு ‘கேட்கவில்லை’ என்பவர்கள் ஏராளம். மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினாலும் அமிலம் சீறும். டென்மார்க்கில் 2009-ல் வெளியான ஆய்வில் நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் இவ்வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். 44 சதவீதம் பேருக்குக் கரிப்பு முதலான தொல்லைகள் வந்தன. மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள். உணவுப் பழக்கத்தை முதலில் திருத்திக்கொண்டு குறைத்தால் சிரமம் குறையும்.

● ஊருக்கெல்லாம் ஒரே தடைப் பட்டியல் கிடையாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எப்போது படுத்தேன், எப்போது கரித்தது. பத்து உணவுகளைச் சந்தேகித்தவருக்குக் கடைசியில் ஒன்றோ இரண்டோதான் சிக்கும். சத்தான உணவை வீண் பயத்தில் விட்டு மெலிந்துபோகிற முதியவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

● விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், ரத்தசோகை, நடுவயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய எரிச்சல், வாரம் இரண்டு நாளுக்கு மேல் வாரக்கணக்கில் நீடிக்கும் கரிப்பு. இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. எண்டோஸ்கோப்பி தேவையா என்று குடல் நோய் மருத்துவர் சொல்லட்டும்.

● மாரடைப்பும் நெஞ்செரிச்சலாக வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கடும் வலியே இல்லாமல், வெறும் எரிச்சலாகவோ மேல்வயிற்று அழுத்தமாகவோ மட்டும் தெரியலாம். ‘கேஸ்தான், ஒரு சோடா குடித்தால் சரியாகும்’ என்று காத்திருந்து இழந்த உயிர்கள் நம் தெருக்களில் உண்டு. எரிச்சலோடு வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், தோள், இடது கை, தாடை என்று பரவினால், நடக்கும்போது கூடி உட்கார்ந்தால் குறைந்தால், செரிமானத்தைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்து அது வெறும் எதுக்களிப்பு என்று மருத்துவரே சொல்லட்டும்.